ஒரு நல்ல புடவைக்கு காசு சேத்தாச்சு, எந்த ஊர் புடவை எடுக்குறது?

கல்யாண சீசன் நெருங்குனா போதும், ஒரே கேள்வி விதவிதமா வரும். ஒருத்தங்க தம்பி கல்யாணத்துக்கு 25 ஆயிரம் ஒதுக்கி வச்சிருக்காங்க, காஞ்சிபுரமா பனாரஸான்னு முடிவு பண்ண முடியல. இன்னொருத்தங்க கல்யாணப் பொண்ணு, முகூர்த்தப் பட்டு மாப்பிள்ளை வீட்ல எடுத்துடுவாங்க, ரிசப்ஷனுக்கு என்னன்னு குழப்பம். மூணாவது கூட்டம் தான் பெருசு, "ஒரே ஒரு நல்ல புடவை போதும், ஆனா அது பீரோவுல தூங்கிட்டே இருக்கக் கூடாது"ன்னு சொல்றவங்க. மூணு பேருக்கும் பதில் வேற வேற தான், ஆனா மூணு பேருமே கடைக்குள்ள போனதும் முதல்ல கலரைத் தான் பாக்குறாங்க. கலர் பிடிச்சுப் போச்சுன்னா அப்புறம் மூளை வேலை செய்யாது, சேல்ஸ்மேன் என்ன சொன்னாலும் சரியாத் தான் தோணும், பில் போட்டு வெளிய வந்து வெயில்ல நிக்கும்போது தான் "ஆமா இது கைத்தறியா?"ன்னு ஞாபகம் வரும். அதனால கலரைக் கடைசிக்குத் தள்ளிட்டு மத்ததைப் பேசுவோம்.

## எதை வச்சு எடை போடுறது

புடவை விலை மூணு இடத்துக்குப் போகுது. பட்டு நூல், ஜரிகை, நெசவுக் கூலி. (கடை ஏசி, விளம்பரம், ஷோரூம் வாடகைன்னு நாலாவது ஒண்ணு இருக்கு, அது நம்ம கையில இல்ல.) ஒவ்வொரு ஊர் புடவையும் இந்த மூணுல ஒண்ணுல தான் அதிகமா காசைப் போடும். காஞ்சிபுரம் ஜரிகையிலயும் நூல் கனத்துலயும் போடும், போச்சம்பள்ளி கிட்டத்தட்ட முழுசா கூலியில போடும், பனாரஸ் ஜரிகை கூலி ரெண்டுலயும். நீங்க குடுக்குற காசு எதுக்குப் போகுதுன்னு தெரிஞ்சா பாதி குழப்பம் அங்கயே தீந்துடும்.

அடுத்தது, எத்தனை தடவை கட்டப் போறீங்க, எங்க கட்டப் போறீங்க. 30 ஆயிரம் புடவையை மூணு தடவை கட்டுனா ஒரு தடவைக்கு பத்தாயிரம். 12 ஆயிரம் புடவையை வருஷத்துக்கு நாலு தடவைன்னு அஞ்சு வருஷம் கட்டுனா ஒரு தடவைக்கு 600 ரூபா. இந்தக் கணக்கை யாரும் கடையில போடறதில்ல, போட்டா கடைக்காரருக்குப் பிடிக்காது.

அப்புறம் எடையும் வெயிலும். வைகாசி மாசம் ஏசி இல்லாத மண்டபத்துல காலைல அஞ்சு மணியில இருந்து மதியம் பந்தி முடியுற வரைக்கும் நிக்கப் போறவங்களுக்கு எடை ரொம்ப முக்கியம். அதே மாதிரி பராமரிப்பு, போலி மாட்டுற ரிஸ்க், பத்து வருஷம் கழிச்சு அந்தப் புடவை எப்படி இருக்கும்ங்கிறது. இவ்ளோ தான் அளவுகோல்.

முத்திரை பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா இதுல தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. சில்க் மார்க் மத்திய பட்டு வாரியம் சார்புல 2004ல வந்தது, அது சொல்றது ஒண்ணே ஒண்ணு தான், நூல் சுத்தமான பட்டு. கைத்தறியா பவர்லூமான்னு அது சொல்லாது, ஜரிகை அசலான்னும் சொல்லாது. கைத்தறிக்கு தனியா ஹேண்ட்லூம் மார்க் இருக்கு. புவிசார் குறியீடு ஊருக்கானது. "மேடம் சில்க் மார்க் இருக்கு பாருங்க"ன்னு காட்டி ஜரிகைக் கேள்வியை மூடிடுவாங்க, நீங்க மூடவிடாதீங்க. ஜரிகை அசலா, ஹாஃப் ஃபைனான்னு (செம்புக் கம்பி மேல பூச்சு மட்டும் போட்ட ஜரிகை) பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. எழுத யோசிச்சாங்கன்னா பதில் கிடைச்சுடுச்சு.

## காஞ்சிபுரம்

நம்ம ஊருல பட்டுன்னா இது தான், அதுல சண்டை இல்ல. 2005லயே புவிசார் குறியீடு வாங்கியாச்சு. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகாவுல இருந்து வரும், ஜரிகை சூரத்துல இருந்தும் காஞ்சிபுரத்துலயே இருக்குற அரசு ஜரிகை ஆலைல இருந்தும் வரும், அதை முறுக்கி, சாயம் போட்டு, தறியில ஏத்தி நெய்யிறது தான் காஞ்சிபுரத்து வேலை. முறுக்கின நூல்ங்கிறதால துணி கனமா, திடமா இருக்கும், ஒரு சரசர சத்தம் வரும்.

காஞ்சிபுரத்துக்குக் கூட காசு குடுக்குறதுக்கு நியாயமான காரணம் ரெண்டு. ஒண்ணு கோர்வை. உடல் ஒரு கலர், பார்டர் வேற கலர், ரெண்டும் கொஞ்சம் கூட கலக்காம பளிச்சுன்னு நிக்கணும்னா உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு நூலைக் கொண்டு போற ஷட்டில்), ரெண்டு பக்க பார்டருக்கும் தனித்தனியா ஒவ்வொரு நாடான்னு மூணு நாடா ஓட்டணும். ஒருத்தரால வேகமா முடியாது, பக்கத்துல உக்காந்து ஒரு பக்க நாடாவைப் போட்டு வாங்க இன்னொரு ஆள் வேணும். அதனால தான் கூலி ஏறுது. கடையில இதை எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, புடவையைப் புரட்டி பின்பக்கம் உடலும் பார்டரும் சேர்ற கோட்டுல விரலை வச்சு இழுத்துப் பாருங்க. கோர்வைன்னா ரெண்டு கலர் நூலும் அங்க ஒண்ணை ஒண்ணு மாட்டிக்கிட்டுத் திரும்பியிருக்கும், லேசா தடிப்பு தட்டும், முன்பக்கம் உத்துப் பாத்தா சின்னச் சின்ன பல்லு மாதிரி தெரியும். சிங்கிள் ஷட்டில்ல நெஞ்சதுன்னா உடல் நூலே பார்டருக்குள்ள ஓடும், கோடு வழவழன்னு இருக்கும், பார்டர் கலர் சுத்தமா இல்லாம ரெட்டை நிறமா அடிக்கும். சிங்கிள் ஷட்டில் மோசம் இல்ல, ஆனா கோர்வை விலை குடுத்து அதை வாங்கக் கூடாது.

ரெண்டாவது பேட்னி முந்தி. உடல் பாவும் (நீளவாக்குல ஓடுற நூல்) முந்தி பாவும் வேற வேற கலர்ல இருக்கும், முந்தி வரும்போது பழைய பாவு நூலோட புதுப் பாவு நூலை ஒவ்வொண்ணா இணைச்சு நெய்வாங்க. இப்ப இது குறைஞ்சு போச்சு, பெரும்பாலும் ஊடை நூல், அதாவது குறுக்கு நூல் கலரை மட்டும் மாத்தி முந்தி போட்டுடறாங்க. அதனால முந்தியோட கலர் சுத்தமா இல்லாம உடல் கலர் உள்ள மினுங்கும்.

இப்ப ஜரிகைக்கு வருவோம். அசல் ஜரிகைங்கிறது தங்கம்னு நினைச்சுக்கிட்டு வாங்குறாங்க, தங்கம் ஒரு சதவீதம் கூட இருக்காது, மேல பூச்சு அவ்ளோ தான். உள்ள பட்டு நூல், அது மேல வெள்ளியும் செம்பும் கலந்த கம்பி சுத்தி, அதுக்கு மேல தங்க முலாம். ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்குற ஜரிகை இழை ஒண்ணை நகத்தால சுரண்டுனா உள்ள சிவப்பு பட்டு தெரியணும், இது பழைய டெஸ்ட், இப்ப ஹாஃப் ஃபைன்லயும் சிவப்பு நூல் வச்சு சுத்துறாங்க, அதனால இதை மட்டும் நம்பாதீங்க. நெசவாளர் கூட்டுறவு சொசைட்டியிலயும் சில பெரிய கடைகள்லயும் ஜரிகை டெஸ்ட் பண்ற மெஷின் இருக்கு, வெள்ளி எவ்ளோ தங்கம் எவ்ளோன்னு காட்டும், கேட்டா போட்டுக் காட்டுவாங்க.

வெள்ளி விலை 2025ல கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டிப் போனதுக்கு அப்புறம் பெரிய பார்டர், அசல் ஜரிகை, கோர்வைன்னு மூணும் சேந்து 20 ஆயிரத்துக்குக் கீழ யாராவது குடுத்தா எனக்கு நம்பிக்கை வராது. அந்த பட்ஜெட்ல ரெண்டு நேர்மையான வழி இருக்கு. சின்ன பார்டர்ல அசல் ஜரிகை, இல்லன்னா பெரிய பார்டர்ல ஹாஃப் ஃபைன், ஆனா ஹாஃப் ஃபைன் விலைக்கு. எனக்கு முதல் வழி தான் பிடிக்கும். வைரஊசி கோடு போட்ட உடல், ரெண்டு விரல் பார்டர், அது எந்த வயசுலயும் எந்த இடத்துலயும் நிக்கும். ஹாஃப் ஃபைன் செம்பு ஜரிகை சில வருஷத்துல கறுக்க ஆரம்பிச்சா பாலிஷ் போட்டாலும் பழையபடி வராது. அசலும் மங்கும் தான், வெள்ளி இல்லையா, ஆனா பாலிஷ்ல திரும்ப எடுக்கலாம்.

மைனஸ்: கனம். கல்யாணப் பொண்ணுக்குன்னு எடுக்குற அகல பார்டர் புடவை ஒரு கிலோவை நெருங்கும். புதுசா இருக்கும்போது கொசுவம் விறைச்சுக்கிட்டு நிக்கும், அதனால தான் இப்ப எல்லாரும் ப்ரீ-ப்ளீட் பண்ணி பாக்ஸ் மடிப்பு போட்டு வாங்கிக்கிறாங்க, அது தனி செலவு. போலி ரிஸ்க்கும் இங்க தான் அதிகம், பேர் பெருசுங்கிறதால. எங்க நெஞ்சாலும் காஞ்சிபுரம்னு தான் விக்கும். அலைய முடியும்னா காஞ்சிபுரத்துல அறிஞர் அண்ணா, முருகன், காமாட்சியம்மன் மாதிரி கூட்டுறவு சங்கக் கடைகள் இருக்கு, டிசைன் கொஞ்சம் பழசா இருக்கும், லைட்டிங் சுமாரா இருக்கும், ஆனா என்ன ஜரிகைன்னு கேட்டா நேரா சொல்லுவாங்க. ஊர்லயே வேணும்னா கோ-ஆப்டெக்ஸ், தீபாவளி சமயத்துல 30 சதவீதம் தள்ளுபடி போடுவாங்க, அதுக்காக ரெண்டு மாசம் காத்திருக்குறதுல தப்பில்ல.

## ஆரணி, திருபுவனம், சிறுமுகை

காஞ்சிபுரத்துக்கு காசு பத்தலன்னு இங்க வர்றவங்க இருக்காங்க, அது இந்தப் புடவைங்களுக்கு செய்யுற அநியாயம். ஆரணிப் பட்டு எடை குறைவு, துணி மெல்லிசு, கட்டம் போட்டது நல்லா இருக்கும், விருந்தாளியா போற கல்யாணத்துக்கு இதுக்கு மேல தேவையே இல்ல. பத்தாயிரத்தை ஒட்டியே நல்ல கைத்தறி கிடைக்கும். ஒரு வேடிக்கை என்னன்னா நிறைய பேர் ஏற்கனவே ஆரணிப் பட்டு தான் வச்சிருக்காங்க, பில்லுல காஞ்சிபுரம்னு போட்டிருக்கும்.

திருபுவனம் கும்பகோணத்துப் பக்கம், சௌராஷ்டிர நெசவாளர்கள் நெய்யிறது, 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுது. விசிறி மடிப்புல மடிச்சு வரும், பாத்தவுடனே தெரிஞ்சுக்கலாம். கிட்டத்தட்ட காஞ்சிபுரத்து கனமும் தோரணையும் வேணும், பேருக்கு கூட காசு குடுக்க மனசில்லன்னா இங்க போங்க. தஞ்சாவூர், கும்பகோணம் கோயில் டூர் போறப்போ ஒரு எட்டு போயிட்டு வரலாம்.

சிறுமுகை மேட்டுப்பாளையம் பக்கம், சாஃப்ட் சில்க்குக்கு பேர் போனது. இங்க ஒரு எச்சரிக்கை. சாஃப்ட் சில்க்ங்கிற பேர்ல ரெண்டாயிரம் ரூபாய்க்கு விக்குறதெல்லாம் பாலியஸ்டர், ஒரு இழையை எடுத்து எரிச்சா பட்டுன்னா முடி கருகுற வாசனை வந்து சாம்பல் பொடியாகும், பாலியஸ்டர்னா உருகி உருண்டையா கெட்டியாகும். அசல் சாஃப்ட் சில்க் அந்த விலைக்கு வராது.

## பனாரஸ்

காஞ்சிபுரத்துல அழகு பார்டர்லயும் முந்தியிலயும்னா பனாரஸ்ல உடம்பு முழுக்க. போட்டோவுல, வீடியோ லைட்ல இது அடிக்குற அடி வேற, ரிசப்ஷனுக்கு எல்லாரும் இதைத் தேடுறதுக்கு அது தான் காரணம். கட்டான் துணி முறுக்குன பட்டு தான், ஆனா காஞ்சிபுரத்தை விட வளைஞ்சு குடுக்கும், கொசுவம் முதல் தடவையே உக்காரும். ஜார்ஜெட், ஆர்கன்சா, தஞ்சோய்னு துணி வகையே நிறைய, அதனால "பனாரஸ் எவ்ளோ?"ன்னு கேட்டா பதிலே கிடையாது, எந்த பனாரஸ்னு கேக்கணும்.

பின்பக்கத்தைப் புரட்டுற வேலை இங்கயும் இருக்கு. கடுவா நெசவுன்னா ஒவ்வொரு புட்டாவுக்கும் தனித்தனி சின்ன நூல்கண்டு வச்சு, அந்தப் பூவை அந்த இடத்துலயே நெஞ்சு முடிப்பாங்க, பின்னாடி சுத்தமா இருக்கும், பூவுக்கும் பூவுக்கும் நடுவுல நூல் ஓடாது. இதுக்கு வாரக்கணக்குல ஆகும். கட்வொர்க்ல ஜரிகை இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஓடி, நெஞ்சு முடிச்சதும் பின்னாடி தேவையில்லாத நூலை வெட்டி எடுத்துடுவாங்க, வெட்டுன இடத்துல மீசை மாதிரி நூல் நுனி நிக்கும். வெட்டாம விட்டுட்டாங்கன்னா வளையல்லயும் மெட்டியிலயும் மாட்டிக்கிட்டு இழுக்கும், அதுக்கு முந்தியில பின்னாடி நெட் வச்சு அடிக்க வேண்டி வரும். கட்வொர்க் வாங்கக் கூடாதுன்னு இல்ல, விலை அதுக்கு ஏத்த மாதிரி பாதியா இருக்கணும்.

போலி எங்க இருந்து வருதுன்னா பெரும்பாலும் சூரத் பவர்லூம். அச்சு அசல் டிசைன், நூல் பாலியஸ்டர், ஜரிகை பிளாஸ்டிக். நம்ம ஊர்ல உக்காந்துக்கிட்டு ஆன்லைன்ல போட்டோ பாத்து இதை வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, அதனால பின்பக்க வீடியோ அனுப்பச் சொல்லி வாங்குங்க, அனுப்பாதவங்க கிட்ட வாங்காதீங்க. 2009ல புவிசார் குறியீடு கிடைச்சது, அந்த டேக் இருக்கான்னும் பாக்கணும்.

மைனஸ்னா, ஜரிகை அதிகம்ங்கிறதால ஒரே மடிப்புல வருஷக்கணக்கா வச்சா மடிப்புல ஒடியும். ஆர்கன்சா இன்னும் மோசம், கோடு கோடா கிழிஞ்சுடும். அதோட காலைல அஞ்சு மணி முகூர்த்தத்துல, கோயில்ல, இது கொஞ்சம் அந்நியமா தான் தெரியும்ங்கிறது என் அபிப்ராயம், உங்க வீட்டு அத்தை சித்திங்களோட அபிப்ராயம் இதை விட ஸ்ட்ராங்கா இருக்கும்.

## மைசூர் சில்க்

இங்க தான் "கைத்தறின்னா உசத்தி, பவர்லூம்னா மட்டம்"ங்கிற கணக்கு உடையுது. கர்நாடக அரசு நிறுவனம் கே.எஸ்.ஐ.சி. தயாரிக்கிற மைசூர் சில்க் பவர்லூம்ல தான் ஓடுது, 1912ல மைசூர் மகாராஜா காலத்துல ஆரம்பிச்ச ஆலை. ஆனா நூல் சுத்தமான பட்டு, ஜரிகை அசல் வெள்ளி தங்கம், ஒவ்வொரு புடவைக்கும் தனி நம்பர், போலி ரிஸ்க்னு பாத்தா அவங்க ஷோரூம்ல வாங்குற வரைக்கும் கிட்டத்தட்ட பூஜ்யம். வெளிக் கடையில "மைசூர் சில்க்"னு விக்குறது பெரும்பாலும் வேற எங்கயோ நெஞ்ச கிரேப் சில்க், அதுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது.

கிரேப்ங்கிறதால தண்ணி மாதிரி விழும், கட்ட அஞ்சு நிமிஷம் போதும், ஆள் வேண்டாம். கார்ல ட்ரைவ் பண்ணலாம், குழந்தையைத் தூக்கலாம், பந்தியில குனிஞ்சு பரிமாறலாம். புடவை கட்டத் தெரியாதுன்னு பயப்படுறவங்களுக்கு இதை விட நல்ல பட்டு எதுவும் இல்ல. ஆனா உடம்போட ஒட்டும், அது சிலருக்குப் பிடிக்கும் சிலருக்குப் பிடிக்காது, கட்டிப் பாத்துட்டு எடுங்க. டிசைன் ரொம்ப கம்மி, பிளைன் உடல், ஜரிகை பார்டர், அதே மண்டபத்துல உங்க நாத்தனாரும் அதே கலர்ல வந்து நிக்க சான்ஸ் உண்டு. தண்ணி பட்டா சுருங்கும். விலை இப்ப 20 ஆயிரத்துக்கு மேல தான் ஓடுது, அதுவும் ஸ்டாக் வந்த அன்னிக்கு க்யூவுல நிக்கணும், பெங்களூர்ல சொந்தக்காரங்க இருந்தா அவங்க பாடு.

## போச்சம்பள்ளி, கட்வால்

தெலங்கானா புடவைங்க. போச்சம்பள்ளியில நெய்யிறதுக்கு முன்னாடியே நூலைக் கட்டிக் கட்டி சாயம் ஏத்திடுவாங்க, அந்த நூலை வரிசை பிசகாம தறியில போட்டா தான் டிசைன் விழும். அதனால டிசைன் ஓரம் கத்தரிச்ச மாதிரி இருக்காது, லேசா கலைஞ்ச மாதிரி இருக்கும், அது குறை இல்ல, அது தான் அடையாளம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கலர் இருக்கும். பிரிண்ட் போட்ட டூப்ளிகேட்ல பின்பக்கம் வெளுத்திருக்கும், இவ்ளோ சுலபமான டெஸ்ட் வேற எந்தப் புடவைக்கும் கிடையாது.

ஜரிகை கம்மி, அதனால எடை கம்மி, வெள்ளி விலை ஏறுனா இது அவ்ளோ ஏறாது, குடுக்குற காசு சாயத்துக்கும் கைக்கும் போகுது. ஆபீஸ்ல விசேஷம், ஸ்கூல் ஆண்டு விழா, வளைகாப்பு, கிரகப்பிரவேசம்னு எங்கயும் கட்டலாம். "பீரோவுல தூங்கக் கூடாது" கோஷ்டிக்கு நான் முதல்ல காட்டுறது இதைத் தான். நெருங்குன சொந்தத்துல முகூர்த்தத்துக்கு கட்டுனா மட்டும் "ஏம்மா பட்டு கட்டலையா?"ன்னு யாராவது பாட்டி கேப்பாங்க, பட்டு தான் பாட்டின்னு சொன்னாலும் ஜரிகை எங்கன்னு கேப்பாங்க. ஆழமான சிவப்பு, நீலம் முதல் வாஷ்ல சாயம் விடலாம், அதனால முதல் தடவை ட்ரை வாஷ் தான்.

கட்வால் வேற ஐடியா. உடல் காட்டன், பார்டரும் முந்தியும் பட்டு, ரெண்டையும் நெய்யும்போதே கோத்துடுவாங்க. தூரத்துல இருந்து பாத்தா பட்டு, உடம்புல படுறது காட்டன், சித்திரை வைகாசி கல்யாணத்துக்கு இது ஒரு வரம். ஒரே சிக்கல், வீட்ல தண்ணியில போட்டா காட்டன் ஒரு அளவுக்கு சுருங்கும் பட்டு வேற அளவுக்கு சுருங்கும், பார்டர் சேர்ற இடத்துல புடவை சுருக்கம் விழுந்து நெளிஞ்சுடும், அப்புறம் இஸ்திரி போட்டாலும் நேராகாது.

## காட்டன் போதும்னு நினைக்கிறவங்க

காரைக்குடி கண்டாங்கி, நெகமம், மதுரை சுங்குடி. இதுல கண்டாங்கி தான் என் ஓட்டு, கட்டமும் அகல பார்டருமா, விசேஷத்துக்கு கட்டுனாலும் குறைச்சலா தெரியாது, வீட்லயே துவைக்கலாம், துவைக்கத் துவைக்க மெத்துன்னு ஆகும். முதல் துவையல்ல சுருங்கும், கஞ்சி போடணும், இஸ்திரி போடணும், அந்த வேலைக்கு ரெடியா இருந்தா எடுங்க. சுங்குடியில கையால முடிச்சுப் போட்டு சாயம் ஏத்துனது இப்ப அபூர்வம், கடையில இருக்குறது பெரும்பாலும் பிரிண்ட்.

## எதுவுமே எடுக்காம இருந்தா?

இதை கடையில யாரும் சொல்ல மாட்டாங்க. அம்மா பீரோவையும் பாட்டி ட்ரங்க் பெட்டியையும் ஒரு தடவை திறந்து பாருங்க. முப்பது நாப்பது வருஷத்துக்கு முந்துன காஞ்சிபுரம்னா ஜரிகை அசலா இருக்க வாய்ப்பு அதிகம், இப்ப அதே கனத்துல எடுக்கணும்னா கை சுடும். மயில் கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். ப்ளூன்னு அந்தக் கலர் காம்பினேஷனும் இப்ப கடையில தேடி அலையுறது தான். உடல் நைஞ்சு போயி பார்டர் நல்லா இருந்தா பார்டரை மட்டும் பிரிச்சு புது பட்டுத் துணியில வச்சு தைச்சுத் தர ஆள் இருக்காங்க. உடலைப் பிடிச்சு லேசா இழுத்தா கிழியுதுன்னா அதைக் கட்ட முடியாது, பாப்பாவுக்கு பாவாடை தைக்குறதும் ரிஸ்க் தான்.

தெருவுல "பழைய பட்டுப் புடவை வாங்குறது"ன்னு கூவிக்கிட்டு வர்றவங்க ஜரிகையில இருக்குற வெள்ளிக்காக வாங்குறாங்க, எரிச்சு வெள்ளியைப் பிரிப்பாங்க. அசல் ஜரிகைக்கு ஏதோ கிடைக்கும், ஹாஃப் ஃபைனுக்கு ஒண்ணும் கிடைக்காது. அதுக்காக பட்டுப் புடவையை முதலீடுன்னு சொல்றதை நம்பாதீங்க, போட்ட காசுல சின்ன பங்கு கூட திரும்பாது. முதலீடுன்னா நேரா வெள்ளியே வாங்கலாமே.

## பில்லுக்கு அப்புறம் வர்ற செலவு

ஃபால்ஸ், ஓரம், குஞ்சம் எல்லாம் சின்ன செலவு. பிளவுஸ் தான் ஆளை விழுங்குது. 12 ஆயிரம் புடவைக்கு எட்டாயிரத்துக்கு ஆரி வொர்க் போடுறாங்க, உடம்பு கொஞ்சம் மாறுனா அந்த பிளவுஸ் போச்சு, புடவை அப்படியே இருக்கும். பனாரஸுக்கும் போச்சம்பள்ளிக்கும் வொர்க் பிளவுஸே தேவையில்ல, துணியே பேசும், அந்த மிச்சத்தை கம்பேர் பண்ணும்போது சேத்துக்கோங்க. காஞ்சிபுரத்துக்கு ப்ரீ-ப்ளீட், கட்டிவிட ஆள்னு கூடும்.

வச்சுக்கிறதுக்கு செலவு கிடையாது, கவனம் தான். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வெள்ளை காட்டன் துணியில சுத்துங்க. பூச்சி உருண்டை ஜரிகையில படக் கூடாது. செண்ட்டை புடவை மேல அடிக்காதீங்க, ஜரிகை அந்த இடத்துல கறுக்கும். மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா மடிப்பை மாத்துங்க. இதெல்லாம் செய்ய மாட்டேன்னு தெரிஞ்சவங்க ஜரிகை கம்மியான புடவையா எடுத்துக்குறது புத்திசாலித்தனம்.

| புடவை | காசு எதுக்கு | எடை | போலி ரிஸ்க் | எப்ப எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| காஞ்சிபுரம் | ஜரிகை, நூல், கோர்வைக் கூலி | அதிகம் | ரொம்ப அதிகம் | முகூர்த்தம், அடுத்த தலைமுறைக்கு |
| திருபுவனம் | நூல், ஜரிகை | அதிகம் | நடுத்தரம் | அதே தோரணை, பேர் முக்கியமில்லன்னா |
| ஆரணி | பட்டு நூல் | குறைவு | நடுத்தரம் | விருந்தாளியா போறப்போ |
| பனாரஸ் | ஜரிகை, புட்டா வேலை | துணியைப் பொறுத்து | அதிகம் | ரிசப்ஷன், ராத்திரி ஃபங்ஷன் |
| மைசூர் சில்க் | நூல், அசல் ஜரிகை | குறைவு | ஷோரூம்னா இல்ல | தனியா கட்டிக்கிட்டு ஓடியாட |
| போச்சம்பள்ளி | சாயம், கைவேலை | குறைவு | கண்டுபிடிக்க ஈசி | அடிக்கடி கட்ட |
| கட்வால் | கைவேலை, பார்டர் பட்டு | குறைவு | நடுத்தரம் | வெயில் காலக் கல்யாணம் |

குஜராத் படோலா, மகாராஷ்டிரா பைத்தானி ரெண்டையும் வேணும்னே சேக்கல. பாட்டன்ங்கிற ஊர்ல நெய்யிற ரெட்டை இக்கத் (பாவு, ஊடை ரெண்டு நூலையும் முன்னாடியே கட்டி சாயம் ஏத்துறது) படோலாவுக்கு லட்சத்துல விலை, மாசக்கணக்குல காத்திருக்கணும், அது ஆசைக்கு எடுக்குறது, அதுக்கு ஒப்பீட்டுக் கட்டுரை எதுக்கு.

## அந்த மூணு பேருக்கு

தம்பி கல்யாணம், 25 ஆயிரம்: காஞ்சிபுரம், சின்ன பார்டர், அசல் ஜரிகை. அக்கா முறையில நாத்தனார் முடிச்சு போடுறது, ஆரத்தி எடுக்குறதுன்னு காலைல எல்லா சடங்குலயும் நீங்க நிப்பீங்க, அங்க அது தான் பொருந்தும். பிளவுஸுக்கு வொர்க் வேண்டாம். வெயில் மாசம்னா திருபுவனம், காஞ்சிபுரம் ரெண்டையும் விட்டுட்டு கட்வால் ஒண்ணு, ஆரணி ஒண்ணுன்னு சாயங்காலத்துக்கும் சேத்து ரெண்டு புடவை வாங்கிடலாம்.

ரிசப்ஷன் குழப்பத்துல இருக்குற கல்யாணப் பொண்ணு: கட்டான் பனாரஸ், கடுவாவா கட்வொர்க்கான்னு பாத்து விலை பேசுங்க. ஒரு வேளை உங்க வீட்டு வழக்கப்படி ஒன்பது கஜம் கூறைப் புடவை உங்க செலவுன்னா அதுல ஜரிகையைக் குறைச்சுக்கோங்க. எட்டு மீட்டருக்கு மேல துணி, மாங்கல்யதாரணம் முடிஞ்சா அப்புறம் மடிசார் கட்டுற சந்தர்ப்பம் எத்தனை வரும்னு வீட்ல உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க, அங்க மிச்சம் பிடிச்சா ரிசப்ஷன் புடவைக்கு தாராளமா வரும்.

பீரோவுல தூங்கக் கூடாதுன்னு சொல்றவங்க: போச்சம்பள்ளி பட்டு, யோசிக்கவே வேண்டாம். பட்ஜெட் இன்னும் இருக்கு, க்யூவுல நிக்கப் பொறுமையும் இருக்குன்னா மைசூர் சில்க். எதை எடுத்தாலும் கடை வாசலுக்குக் கொண்டு வந்து வெயில்ல ஒரு தடவை விரிச்சுப் பாருங்க, உள்ள இருக்குற மஞ்ச லைட்டுல அரக்கும் மெரூனும் ஒண்ணா தான் தெரியும். இப்ப கலரைப் பாக்கலாம்.